பொதிகையில் ஒரு கூம்புளி

மலைநாட்டுப் பைன் சோலைகளைக் கண்டு பழகிய நமக்கு, அவை அயல்நாட்டிலிருந்து கொணர்ந்து நட்டவை என்பது எளிதில் நினைவுக்கு வருவதில்லை. பைன் முதலிய கூம்புளி மரங்களுள் ஒன்றேனும் இலங்கைக் காடுகளில் இயற்கையாய் வளர்வதில்லை. கடல் கடந்து தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடருக்குச் சென்றாலும் ஒன்றே ஒன்றுதான் உண்டு. நாகியா வாலிச்சியானா என்பது அதன் பெயர். முன்னாளில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தை நிருவகித்த டேனிய மருத்துவர் வாலிச்சின் நினைவாக இடப்பட்டது.

அதனைக் காணும் ஆவலுடன் சென்ற ஆண்டு பொதிகை மலைக்காட்டில் ஏறினேன். ஊசியிலைகளையே தேடின என் கண்கள். வழிகாட்டி தொட்டுக்காட்டிய மரத்திலோ, மாவிலையை ஒத்த அகன்ற இலைகள்!

“இதுவா?” என்றேன்.

அவர் ஓரிலையை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுநரம்பே இல்லை, மெல்லிய நரம்புகள் பல, காம்பிலிருந்து நுனிவரை ஒத்தோடின. பல்லாண்டுகளாக வித்துமூடியிலிகளைப் பற்றிப் பாடஞ்சொல்லி வந்த எனக்குச் சற்று வெட்கமாயிற்று.

இவ்வினத்தில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. மகரந்தத்தைச் சுமப்பது காற்று. பெண்மரத்திலும் நாமறிந்த கூம்பு இராது. சதைத்த காம்பின் நுனியில் உருண்டை வித்தொன்று நிற்கும். காடு துண்டுபட்டு அருகில் துணையின்றிப் போனால், அவ்வித்தும் இல்லை.

நாங்கள் கண்டது ஆணா பெண்ணா என வினவினேன். காய்க்குங் காலத்தில் வந்தால்தான் தெரியும் என்றார். மாலைவரை சுற்றித் தேடினோம். மற்றொரு மரம் அகப்படவில்லை.