காத்திருந்த பெண்களின் தீவு

கப்பல்காரருக்கு வாழ்க்கைப்பட்டவளுக்குக் கடலைப் பார்த்தால் உல்லாசமா வரும்? சரக்குக் கப்பலில் இஞ்சின் வேலை பார்த்த என் கணவர், பதினாறு வருஷத்தில் வீட்டில் இருந்த தீபாவளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால், 2023 ஆகஸ்டில் பாஸ்டனில் இருக்கும் என் தம்பி, “அக்கா, அத்தானோட படகுல நான்டக்கெட் தீவுக்குப் போய் ஒரு ராத்திரி தங்கிட்டு வருவோம்” என்றபோது, “எனக்குக் கடலே அலுத்துப் போச்சுடா” என்றேன்.

“இந்தத் தடவை நானும் கூட வர்றேன்ல, வா” என்றார் இவர். அந்த ஒரு வார்த்தைக்காகக் கிளம்பினேன்.

மாசசூசெட்ஸ் கரையிலிருந்து சுமார் 30 மைல் தள்ளி, அட்லாண்டிக் கடலில் இருக்கிறது நான்டக்கெட். நீளம் 14 மைல்தான். ஹையனிஸ் துறையிலிருந்து பெரிய ஸ்டீமரில் போனால் இரண்டேகால் மணி நேரம். வேகக் கப்பலில் ஒரு மணி நேரம். நாங்கள் போனதோ, தம்பியும் அவன் சிநேகிதரும் சேர்ந்து வாங்கிய சின்ன மோட்டார் படகில். டப்பாவில் புளியோதரை, தயிர்சாதம், தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய். பாதி வழியில் பனிமூட்டம் கவிந்து முன்னால் எதுவுமே தெரியவில்லை. இவர் தம்பி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பனியால்தான் தீவுக்கு ‘சாம்பல் நிறச் சீமாட்டி’ என்று செல்லப்பெயராம்! ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

பனி விலகியதும் துறைமுகம் தெரிந்தது. அம்மாடி! ஒவ்வொரு படகும் ஒரு பங்களா மாதிரி. அவற்றின் நடுவே எங்கள் படகை மிதவையில் கட்டிவிட்டுக் கரைக்குப் போனோம். தெருவில் உருண்டைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். குதிகால் செருப்போடு போனால் கால் பிசகுவது நிச்சயம். வீடுகளுக்கெல்லாம் சுவரிலும் மரச்சில்லுகள். உப்புக்காற்றில் வெளுத்து ஒரே சாம்பல் நிறம். அந்தப் பழைய அழகு கெடக்கூடாது என்று 1955-லேயே கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டார்களாம்.

இன்று அங்கே சாதாரண வீடே நம் பணத்தில் பல கோடி. அதனால், வீடு கட்டும் தச்சரும் தோட்டக்காரரும் பலர் அங்கே குடியிருக்க முடியாமல் தினமும் கப்பலில் வந்து போகிறார்கள். வாடகைக்கு இருப்பவர்களில் பலர் கோடை வந்தால் வீட்டைப் பணக்கார விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு, பாத்திர பண்டத்தோடு வேறு இடம் தேட வேண்டுமாம். பிள்ளைகுட்டியோடு வருஷா வருஷம் மூட்டை கட்டுவதென்றால் சும்மாவா?

இந்த ஊரின் முதல் செல்வம் திமிங்கிலம். அந்தக் காலத்தில் விளக்கெரிக்க அதன் எண்ணெய்தான். அதைத் தேடி ஆண்கள் பசிபிக் கடல் வரை போய்விடுவார்கள். திரும்பி வர மூன்று, நான்கு வருஷம் ஆகும். அதுவரை ஊரை நடத்தியது யார்? பெண்கள்தான்! கடைகளைப் பெண்களே நடத்தியதால் சென்டர் தெருவின் ஒரு பகுதிக்கு ‘உள்பாவாடை வரிசை’ என்றே பெயர்.

இங்கே பிறந்த மரியா மிட்செல் சிறுமியாக இருக்கும்போதே, மாலுமிகள் கொண்டுவரும் கடிகாரங்களை நட்சத்திரம் பார்த்துச் சரிசெய்து கொடுப்பாராம். சொல்லிக்கொடுத்தது அப்பா. அவர் வேலை பார்த்த பாங்கின் கூரையிலிருந்து தொலைநோக்கி வழியே பார்த்து, 1847 அக்டோபர் 1-ஆம் தேதி புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார் மரியா. டென்மார்க் அரசர் தங்கப் பதக்கம் கொடுத்தார். அந்த பாங்க் கட்டிடம் மெயின் தெருவில் இன்றும் இருக்கிறது. பெண் குழந்தை வைத்திருப்பவர்கள் இந்தக் கதையை அவசியம் சொல்லிக்கொடுங்கள்.

1846-இல் பெரிய தீ விபத்து. பிறகு மண்ணெண்ணெயும் வந்துவிட்டது. 1869-இல் கடைசித் திமிங்கிலக் கப்பல் புறப்பட்டதோடு அந்தத் தொழில் முடிந்தது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை. அன்றைய வறுமை காப்பாற்றிக் கொடுத்த வீடுகளுக்குத்தான் இன்று கோடி கோடியாய் விலை!

பல வீடுகளின் கூரைமேல், புகைபோக்கியை ஒட்டி மரக்கைப்பிடி போட்ட சின்ன மேடை இருக்கிறது. மனைவிமார் அங்கே நின்று கப்பல் வருகிறதா என்று பார்ப்பார்களாம். “அது கதை. புகைபோக்கியில தீப்பிடிச்சா மேலேர்ந்து மணலைக் கொட்டி அணைக்கத்தான் கட்டினாங்களாம்” என்றான் தம்பி. இருக்கட்டும். மணல் கொட்ட ஏறியவள் கடலைப் பார்க்காமலா இறங்கியிருப்பாள்? தூத்துக்குடி வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவள், துறைமுகம் இருக்கும் திசையைப் பார்த்து எத்தனை நாள் நின்றிருக்கிறேன்!

அன்று ராத்திரி படகில் படுத்தபடி இதை இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “நீ மாடியில நின்னது எனக்குத் தெரியாதே” என்றார். பதினாறு வருஷத்தில் நானும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

மறுநாள் புறப்பட்டோம். பிரான்ட் முனைக் கலங்கரை விளக்கத்தைத் தாண்டும்போது கடலில் ஒரு காசு போட்டால் மறுபடியும் இந்தத் தீவுக்கு வருவோம் என்பது அங்கே ஐதீகம். தம்பி இவர் கையில் ஒரு காசைக் கொடுத்தான். இவர் அதை என் கையில் வைத்து, “இனிமே எங்க போறதுன்னாலும் நீ சொல்லித்தான்” என்றார்.

நான் போட்டேன்.