தட்டில் ஓர் ஆலமரம்

பதினொன்றாம் வகுப்பு மாணவி

மரம் என்றால் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுதான் நம் எல்லோருடைய எண்ணம். ஆனால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருக்கும் ஆலமரத்தைக் காண வேண்டுமானால், அன்புத் தோழியரே, நீங்கள் குனிய வேண்டும். அதன் உயரம் ஒரு முழம். வயது ஏழு. அதற்கும் அடிமரம் உண்டு, கிளை உண்டு, இலை உண்டு, மண்ணைத் தொட்டுவிட்ட இரண்டு விழுதுகளும் உண்டு. அதைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் "எவ்வளவு அழகு!" என்கிறார்கள். மீதிப் பேர் "பாவம்!" என்கிறார்கள். இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கு அருகில் உள்ளது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வீசிய காற்றின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. விடிந்ததும் வெளியே வந்து பார்த்தோம். எங்கள் தோப்பில் இருந்த எண்பது தென்னைகளில் ஒன்பதுதான் நின்றன. தாத்தா வாயே திறக்கவில்லை. தோப்பைக் கடந்து நேரே குளக்கரைக்கு நடந்தார். அங்கே அவருடைய தாத்தா காலத்திலிருந்து நின்ற ஆலமரம் வேரோடு சாய்ந்து, பாதித் தண்ணீரிலும் பாதிக் கரையிலுமாகக் கிடந்தது. தென்னைகளைப் பார்த்து அழாத தாத்தா அங்கேதான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

சில நாட்களில் ரம்பக்காரர்கள் வந்தார்கள். மரம் விறகாவதற்கு முன்னால் தாத்தா அரிவாளை எடுத்துக்கொண்டு போய், விரல் தடிமனில் எட்டுக் குச்சிகளை வெட்டி வந்தார். ஆல், பூவரசு போன்ற மரங்களைப் போத்து நட்டே வளர்க்கலாம் என்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்ததுதான். வெட்டிய இடத்தில் வடிந்த பாலைச் சாம்பல் தொட்டு அடைத்தார். பழைய பெயிண்ட் வாளிகளிலும் உடைந்த குடங்களிலும் வயல் மண்ணைப் போட்டு நட்டு, "ஆயி, இதுக்குத் தண்ணி ஊத்துறது உன் வேலை. பெருசானதும் குளக்கரையிலேயே கொண்டுபோய் வச்சுடுவோம்" என்றார். எட்டில் மூன்றுதான் துளிர்த்தன. ஒன்றை ஆடு தின்றது. இன்னொன்று மழைக்காலத்தில் வேர் அழுகிப் போனது. எஞ்சியது ஒன்றே ஒன்று.

ஏழாம் வகுப்பில்தான் நான் போன்சாய் என்ற சொல்லைக் கேட்டேன். கொரோனாவுக்குப் பின் பள்ளி திறந்து, நாங்கள் மீண்டும் வகுப்புக்கு வந்த சமயம் அது. நமது பள்ளித் தோட்டத்தைக் கவனிக்கும் சிஸ்டர் ஒரு சிறிய இச்சி மரத்தைத் தட்டுத் தொட்டியில் வளர்த்து வந்தார்கள். ஜப்பானிய மொழியில் 'பொன்' என்றால் தட்டு, 'சாய்' என்றால் நடுதல். இக்கலை முதலில் சீனத்தில் தோன்றிப் பின்பு ஜப்பானில் வளர்ந்தது. இதற்கென்று குள்ள விதை எதுவும் கிடையாது. காட்டில் வானளாவும் அதே மரந்தான். வேரையும் கிளையையும் அளவாக நறுக்குவதாலும், ஆழமில்லாத தொட்டியில் வளர்வதாலும் அது சிறுத்து நிற்கிறது. இதையெல்லாம் சிஸ்டர் விளக்கியபோது, எங்கள் வீட்டுப் பெயிண்ட் வாளி என் நினைவுக்கு வந்தது.

நான் சிஸ்டரிடம் கேட்ட முதல் கேள்வி, மழையில் செடி ஏன் அழுகியது என்பதுதான். "எந்த மண்ணில் வைத்தீர்கள்?" என்று கேட்டார்கள். "எங்கள் வயல் மண், சிஸ்டர்! சம்பா விளைகிற மண்!" என்றேன் பெருமையாக. சிஸ்டர் சிரித்துவிட்டார்கள். நெல்லுக்கு நீர் தேங்க வேண்டும். ஆகவே களிமண் அதற்கு வரம். தொட்டி மரத்தின் வேருக்கோ நீரும் வேண்டும், காற்றும் வேண்டும். களிமண் மழையில் சேறாகி மூச்சை அடைக்கும்; வெயிலில் கல்லாகிவிடும். பட்டாணி அளவு செங்கல் துண்டு இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் ஒரு பங்கு என்று கலக்கச் சொன்னார்கள். செங்கல் துண்டுகளுக்கு இடையில் காற்று நிற்கும். செங்கல் தானும் சிறிது நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நெல் விளையும் பூமியில் பிறந்த எனக்கு, மண்ணைப் பற்றிய முதல் பாடம் ஒரு பெயிண்ட் வாளியில்தான் கிடைத்தது!

அந்த ஆண்டே மண்ணை மாற்றினேன். கிளைக்கு வளைவு கொடுக்க அலுமினியக் கம்பியைச் சாய்வாகச் சுற்றினேன். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு பருமன் உள்ள கம்பி போதும். கிளை பருத்துக் கம்பி பட்டையில் பதிவதற்குள் அதை வெட்டி எடுத்துவிட வேண்டும். நான் இரண்டு வாரம் தாமதித்துவிட்டேன். அந்தத் தழும்பு இன்றும் மரத்தின் இடப்பக்கக் கிளையில் இருக்கிறது.

இதையெல்லாம் தாத்தா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கேட்டார்: "எப்பம்மா குளக்கரையிலே வைக்கிறது?"

"இது போன்சாய் தாத்தா. தொட்டியிலேயேதான் இருக்கும்."

"ஆலமரம்னா அதுல குருவி அடையணும். கீழே மாடு படுக்கணும். நாலு பேரு நெழலுக்கு ஒதுங்கணும். இது என்னா, கூண்டுல அடைச்ச மாதிரி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு அத்தை, குட்டை மரம் வைத்தால் குடும்பமும் குட்டையாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் என் மரத்துக்கு எதிரிகளாகத் தோன்றினார்கள்.

தோழியரே, இனி எழுதப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் ஒரு வாரம் திருச்சியில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போனேன். நான் இல்லாத சமயத்தில் தாத்தா மரத்தை எடுத்துக்கொண்டுபோய்க் குளக்கரையில் நட்டுவிடுவார் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆகவே யாரிடமும் சொல்லாமல் வாளியை மாடிப்படி அறைக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை என்னோடு எடுத்துச் சென்றுவிட்டேன். மே மாத வெயில், தகரக் கூரை, ஏழு நாட்கள்! திரும்பி வந்து கதவைத் திறந்தபோது இலைகள் அத்தனையும் தரையில் கிடந்தன. மரம் எலும்பாக நின்றது.

நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். தாத்தா மெல்லப் படியேறி வந்தார். ஏன் பூட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நகத்தால் பட்டையை இலேசாகக் கீறினார். உள்ளே மெல்லிய பச்சை! "உசுரு இருக்கு ஆயி" என்றார். வாளியைத் தூக்கிக் கிணற்றடித் தொட்டியில் குமிழி அடங்கும்வரை அமிழ்த்தி எடுத்து, வேப்ப மர நிழலில் வைத்தார். காலையும் மாலையும் அவரே கைநீர் தெளித்தார். மூன்று வாரம் கழித்துக் கிளை நுனியில் செம்பழுப்பாய் ஒரு மொட்டு விரிந்தது. அதை முதலில் கண்டவரும் அவர்தான். என் மரத்தை யாரிடமிருந்து காப்பாற்ற நினைத்தேனோ, அவர்தான் அதைக் காப்பாற்றினார்.

பள்ளி திறந்ததும் இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. பதிலுக்கு ஒரு மரத்தின் கதையைச் சொன்னார்கள். ஜப்பானில் ஹிரோஷிமா நகரில் யமாகி என்ற குடும்பம் ஒரு வெள்ளைப் பைன் போன்சாயைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தது. 1625-ஆம் ஆண்டு முதல் மனிதர் கையில் வளர்ந்த மரம் அது. 1945 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அணுகுண்டு வீழ்ந்தபோது, அது வெடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில்தான் அவர்கள் தோட்டம் இருந்தது. மதில் மறைத்ததால் மரம் பிழைத்தது, குடும்பத்தாரும் பிழைத்தனர். 1976-இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டு விழாவுக்கு ஜப்பான் 53 போன்சாய் மரங்களைப் பரிசளித்தபோது, யமாகி இந்த மரத்தையும் கொடுத்தார். குண்டு வீசிய நாட்டுக்கே கொடுத்தார்! 2001-ஆம் ஆண்டு அவருடைய பேரர்கள் வாஷிங்டன் நகருக்கு வந்து சொன்ன பிறகுதான், அது ஹிரோஷிமாவில் தப்பிய மரம் என்பது அங்கிருந்தோருக்குத் தெரிந்தது. "இத்தனை தலைமுறை அதற்கு யாரோ ஒருவர் தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார் பார்!" என்றார்கள் சிஸ்டர். ஒருவரை நம்பி ஒருவர் ஒப்படைக்காமல் ஒரு போன்சாய் நூறாண்டு வாழாது என்பது அப்போது எனக்கு உறைத்தது.

ஒன்பதாம் வகுப்பில் மரத்துக்கு முறையான தொட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அடுத்த ஊரில் பொங்கல் பானையும் அகலும் செய்யும் வேளார் தாத்தாவிடம் என்னை அழைத்துப் போனது வேறு யாருமல்ல, என் தாத்தாதான். நான் வரைந்திருந்த படத்தைப் பார்த்ததும் வேளார் தாத்தா, "என்ன பாப்பா இது? சோறு ஆக்கவும் ஆகாது, தண்ணி வைக்கவும் ஆகாது, அடியிலே வேற ஓட்டை போடச் சொல்றே!" என்று சிரித்தார். நான் கேட்டது நீள்சதுரத் தொட்டி. சக்கரத்தில் வட்டந்தான் வரும். ஆகவே களிமண்ணைப் பலகைபோல் தட்டிச் சுவர்களை ஒட்டினோம். அவசரப்பட்டு நான் அதை வெயிலில் வைத்தேன். நான்கு மூலைகளும் வாய் பிளந்தன. மண் காயும்போது சுருங்கும். ஓரம் முன்னதாகவும் நடு பின்னதாகவும் காய்ந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? இரண்டாவது தொட்டி நிழலில் நன்றாகக் காய்ந்தது, சூளையில் உடைந்தது.

மூன்றாவது முறை வேளார் தாத்தா என் படத்தை மடித்து வைத்துவிட்டுத் தம் வழியில் செய்தார். மண்ணில் பொடிமணல் கூட்டி மிதித்தார். சக்கரத்தில் அகலமாக, நான்கு விரல் ஆழத்தில் வனைந்தார். அகன்ற அடி விரியாதிருக்கக் கையால் அழுத்தி அழுத்தித் தட்டினார். ஈரம் பாதி வற்றியதும் மூன்று கால்களை ஒட்டி, நான் கேட்டதைவிடப் பெரிதாகவே துளைகளைப் போட்டார். மண் சுருங்கும்போது துளையும் சுருங்கும் அல்லவா? ஈரச் சாக்கு போர்த்தி எட்டு நாள் நிழலில் காய்ந்த பிறகு, பானைகளோடு பானையாக வைக்கோலும் வரட்டியும் மூடிய சூளையில் வெந்தது. செக்கச் சிவந்த வட்டத் தட்டு! ஜப்பானின் டோகோனாமே ஊரில் செய்யும் தொட்டிகள் இன்னும் கடுஞ்சூட்டில் வெந்து உறுதியாக இருக்குமாம். நமது மண் தொட்டி அவ்வளவு உறுதியில்லை. ஆனால் பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அப்படியே இதன் சுவரிலும் நீர் கசிந்து ஆவியாவதால், தஞ்சாவூர் வெயிலிலும் வேர் குளிர்ந்திருக்கிறது. கோடையில் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினால் போதும். கூலிக்குப் பதிலாகச் சூளைக்கு இரண்டு கட்டு வைக்கோல் போதும் என்று வேளார் தாத்தா சொல்லிவிட்டார்.

மாசி மாதம் மரத்தைப் புதுத் தட்டுக்கு மாற்றினோம். மூன்றில் ஒரு பங்கு வேரை நறுக்கினேன். வடிவத்துக்குப் பொருந்தாமல் கீழே ஒரு கிளை விரல் தடிமனில் வளர்ந்திருந்தது. அதை வெட்ட மனம் வரவில்லை. வெட்டாவிட்டால் மரம் ஒரு பக்கம் சாயும். கடைசியில் வெட்டிவிட்டேன். குப்பையைப் பெருக்கிவிட்டுத் திரும்பினால் அந்தக் கிளையைக் காணவில்லை. தாத்தா அதைச் சாம்பலில் தொட்டு, நான் காலி செய்த அதே பெயிண்ட் வாளியில் நட்டுக்கொண்டிருந்தார்! நிமிர்ந்து என்னைப் பார்த்து, "உனக்கு அது, எனக்கு இது" என்றார்.

இத்தனை நாள் நாங்கள் இருவரும் ஒரே மரத்துக்காகச் சண்டையிட்டோம். ஒன்றை இரண்டாக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆலமரத்தின் இயல்பே அதுதானே? சென்னை அடையாற்றில் உள்ள பெரிய ஆலமரத்தின் தாய் அடிமரம் 1989-ஆம் ஆண்டு சாய்ந்துவிட்டது. ஆனால் மரம் சாகவில்லை. விழுதுகள் அதைத் தாங்கி நிற்கின்றன.

2024-ஆம் ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை; ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். கல்லணைக் கால்வாய் வழியாக எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. அந்த வாரமே பழைய மரம் நின்ற அதே இடத்தில் கன்றை நட்டோம். தாத்தாவுக்கு முழங்கால் வலி. குழியை நான்தான் வெட்டினேன். ஆடு மேயாதிருக்க முள் அடைத்தோம். அப்பாயி முதல் குடம் தண்ணீர் ஊற்றினார்கள். இப்போது கன்று என் தலைக்கு மேல் ஒரு சாண் வளர்ந்துவிட்டது. குருவி இன்னும் அடையவில்லை. ஓணான் ஒன்று குடியிருக்கிறது.

இப்போது யாராவது என் தட்டு மரத்தைப் பார்த்துப் "பாவம்" என்றால் நான் கோபப்படுவதில்லை. அவர்களைக் குளக்கரைக்கு அழைத்துச் செல்கிறேன். வீட்டில் அழகு பார்க்க ஒன்று, ஊருக்கு நிழல் தர ஒன்று. இரண்டுக்கும் வேர் அந்தப் புயலில் விழுந்த மரமே.

அடுத்த ஆண்டு பள்ளிப் படிப்பு முடிந்து நான் வெளியூர்க் கல்லூரிக்குச் செல்வேன். தட்டு மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று அம்மா கேட்டார்கள். தாத்தா தாமே முந்திக்கொண்டு, "நான் ஊத்துறேன்" என்றார். இந்த முறை மாடிப்படி அறையின் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவேன்.