டேங்கில் எவ்வளவு இருக்கிறது?

சேலையூர், கேம்ப் ரோடு பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பயிற்சி விமானத்தின் சத்தம் பழகிப்போன ஒன்று. நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டோம். போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் சார், ஸ்கூட்டர்ல பெட்ரோல் முள்ளு பொய் சொன்னா பங்க் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போயிடலாம். மேல போறவர் என்ன பண்ணுவார்?"

விமானக் கருவிப் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் என்னைக் கேட்டார். இந்த ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக் பயிற்சி நிலையம் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. 1949-ல் தொடங்கியபோதே விமானப் பொறியியலும் கருவிப் பொறியியலும் அங்கே பாடங்கள். நடைபாதையில் எதிரே வருகிற நாலு பெரியவர்களில் ஒருவராவது இந்த வேலை தெரிந்தவராக இருப்பார்.

ஸ்கூட்டர் டேங்கில் ஒரு மிதவை இருக்கும். விமானத்துக்கு அது சரிப்படாது. டேங்க் இறக்கைக்குள்ளே அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். விமானம் சாய்ந்தால் எண்ணெயெல்லாம் ஒரு பக்கம் ஓடிவிடும். அதனால் பெரும்பாலான விமானங்களில் வேறு ஏற்பாடு. சீலிங் ஃபேனில் ஒரு கண்டென்சர் உண்டல்லவா? அதே தத்துவம்தான். ஒன்றுக்குள் ஒன்றாக, ஒன்றையொன்று தொடாமல் இரண்டு குழாய்கள். நடுவில் எண்ணெய் ஏற ஏற, அது தேக்கும் மின்சாரம் கூடும். விமான எரிபொருள் மண்ணெண்ணெய்க்கு உடன்பிறப்பு. காற்றைப்போல் சுமார் இரண்டு மடங்கு தேக்கும். ஒரு டேங்கில் இப்படிப் பல ப்ரோப்களை அங்கங்கே நிறுத்தி, எல்லாவற்றையும் கூட்டித்தான் முள்ளுக்கு அனுப்புகிறார்கள்.

சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஐந்து ப்ரோப்களில் ஒன்றின் ஒயர் விட்டுப்போனால் முள் பூஜ்யத்துக்கு விழாது. அந்த ஒன்றின் பங்கு மட்டும் குறையும். பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. டேங்கில் தண்ணீர் சேர்ந்தாலோ நேர் எதிர். எண்ணெய் காற்றைவிட இரண்டு மடங்கு என்றால் தண்ணீர் எண்பது மடங்கு! ப்ரோப்பின் அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே போதும், முள் உயரும், அல்லது பித்துப் பிடித்ததுபோல் ஆடும். நம்மைப்போன்ற கடலோர ஊர்களில் ராத்திரி ஈரம் டேங்குக்குள் வியர்த்து அடியில் தங்கும். அதனால்தான் காலையில் முதல் வேலையாக டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் வடித்து, கண்ணாடி ஜாடியில் தூக்கிப் பார்ப்போம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு நாள். பவுசர் மீட்டர் 400 லிட்டர் ஊற்றியதாகச் சொல்கிறது. லிட்டருக்கு 0.8 கிலோ என்று வைத்தால் 320 கிலோ ஏறியிருக்க வேண்டும். முள் 240 தான் ஏறியது. எங்கள் ஃபோர்மேன் ஒன்றும் பேசாமல் இறக்கைமேல் ஏறினார். மூடியைத் திறந்து அளவுக்கோலை இறக்கினார். கோல் பவுசர் பக்கம் சாட்சி சொன்னது.

புறப்பாட்டைக் கவனிப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "முள்ளு குறைச்சலாத்தானே காட்டுது? உள்ளே அதிகம் இருந்தா நல்லதுதானே, அனுப்பிடுங்க" என்றார்.

"இன்னைக்குக் குறைச்சுச் சொல்றது நாளைக்குக் கூட்டிச் சொல்லாதுன்னு நீங்க எழுதிக் கொடுப்பீங்களா சார்?" என்றார் ஃபோர்மேன். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. டேங்கைக் காலி செய்து, ஒவ்வொரு ப்ரோப்பாகச் சோதித்து, புத்தகத்தில் போட்டிருந்த அளவோடு ஒப்பிட்டோம். மூன்றாவதின் கனெக்டரில் பச்சைப் பாசிபோலக் களிம்பு. விமானம் நாலு மணி நேரம் தாமதம். மேலிடத்தில் ஃபோர்மேனுக்குக் கிடைத்த வசவை நான் இங்கே எழுதவில்லை.

கோலும் மீட்டரும் இருந்துவிட்டால் போதுமா? 1983 ஜூலை 23-ல் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் கேஜ் முழுதும் இருண்டு கிடந்தது. கோலை வைத்து 7,682 லிட்டர் என்று சரியாகத்தான் அளந்தார்கள். அதைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்குவதற்குப் பதில், பவுண்டுக்கான 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எண்ணெயோடு விமானம் ஏறியது. நடுவானில் இரண்டு இன்ஜினும் நின்று, 69 பேரோடு சறுக்கிக்கொண்டே வந்து கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறங்கியது. யாரும் சாகவில்லை.

அதைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது 2005 ஆகஸ்ட் 6-ல் இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் பக்கத்தில் நடந்தது. டுனின்டர் நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72, இங்கிருந்து தூத்துக்குடிக்குப் போகிறதே, அந்த ரகம். முந்தின நாள் பழைய கேஜைக் கழற்றிப் புதிதாக ஒன்று மாட்டியிருந்தார்கள். மாட்டியது சின்ன ரகமான ஏ.டி.ஆர். 42-க்கு உரியது. பார்க்க ஒரே மாதிரி, துளையிலும் கச்சிதமாக உட்காரும். அந்த கேஜில் ஒரு பழுதும் இல்லை! வேறு டேங்கின் கணக்கை அது ஒழுங்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணெய் போட்ட சீட்டு எங்கே என்று விமானி கேட்டிருக்கிறார். சீட்டு கிடைக்கவில்லை, புறப்பட்டார்கள். கேஜில் எண்ணெய் நிறைய இருக்கும்போதே இன்ஜின்கள் நின்றன. குறைவு என்று எச்சரிக்க வேண்டிய விளக்கும் அதே கேஜின் பேச்சைக் கேட்டுத்தான் எரியும்; அதுவும் எரியவில்லை. விமானம் கடலில் விழுந்தது. 39 பேரில் 16 பேர் போனார்கள்.

அந்தச் சீட்டுதான் நமக்கெல்லாம் பவுசர் மீட்டர். எண்ணெய் ஊற்றியவன் கணக்கு, கோலின் கணக்கு, இன்ஜின் குடித்த கணக்கு, முள்ளின் கணக்கு என்று நாலும் தனித்தனி வாயிலிருந்து வர வேண்டும். ஒரே வாயிலிருந்து நாலு தடவை வந்தால் அது ஒரு சாட்சிதான்.

நண்பரிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஃபிளாட் வாசல் வந்துவிட்டது. எங்கள் சம்ப்பிலும் ஒரு சென்சார் உண்டு. மூன்று விளக்கு, ஒரு பீப் சத்தம். போன கோடையில் தண்ணீர் லாரி வந்தபோது பாதி சம்ப் காலியாக இருக்க, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பியில் உப்பு படிந்திருந்தது. அன்றிலிருந்து மோட்டார் ரூம் சுவரில், அடிக்கு அடி பெயிண்ட் கோடு போட்ட மூங்கில் கழி ஒன்று சாய்ந்திருக்கிறது. லாரி டிரைவர் இப்போதெல்லாம் ஹோஸைப் போடுவதற்கு முன் "ஐயா, கழி?" என்று கேட்டுவிட்டுத்தான் வால்வைத் திறக்கிறார்.