கண்டி வாவியும் நமது கண்களும்

கண்டி நகரைக் காணச் செல்வோரின் கண்ணில் முதலிற் படுவது வாவியே. சுற்றிலும் குன்றுகள், நடுவே நீர்ப்பரப்பு, நீரின் நடுவே ஒரு சிறு தீவு, கரையோரத்தில் முகில் வடிவான வெள்ளைச் சுவர். இயற்கை அளித்த எழில் என்றே பலரும் எண்ணுவர். ஆனால் 1807 ஆம் ஆண்டு வரை அவ்விடம் நெல் விளைந்த வயல். கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே அவ்வயலை வாவியாக்கினான். அதனை வகுத்த சிற்பி தேவேந்திர மூலாச்சாரியின் பெயரை வரலாறு மறக்கவில்லை.

வெட்டியோரின் பெயர்களையோ எந்தக் கல்லும் சொல்லவில்லை. இராசகாரியம் என்னும் கட்டாயச் சேவைக்குக் கட்டுப்பட்ட குடியானவர்கள், தம் வேலையை விட்டுவந்து மன்னனுக்காக மண் சுமந்தனர். அந்த மனக்கசப்பும் அவனது வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1815 மார்ச் 2 ஆம் நாள் பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். வேலூர்க் கோட்டையிற் சிறையிருந்த மன்னன் 1832 இல் மறைந்தான். இராசகாரியம் சட்டப்படி ஒழிந்ததும் அதே ஆண்டிலேதான்.

ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட நாம், ஆண்டுதோறும் மாணவரைக் கண்டிக்கு அழைத்துச் செல்கிறோம். வெள்ளவத்தைப் பிள்ளைகளும் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் ஒரே புகையிரதப் பெட்டியில் அமர்ந்து கடுகண்ணாவை மலையேறுகின்றனர். தலதா மாளிகையில் அவர்களுக்கு ஒரு செய்தியைத் தவறாது கூறுவோம். தளர்ந்து போயிருந்த பௌத்த சங்கத்துக்குப் புத்துயிரளிக்க, 1753 இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். தேவாலயங்களின் பெரஹராவோடு தந்ததாதுவின் பவனியை இணைத்தவனும் அவனே. அவனோ தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன். அருகிலே பத்தினி தேவாலயம். மதுரையை எரித்த நம் கண்ணகி அங்கே சிங்கள மக்களின் தெய்வமாய் நிற்கிறாள். இவ்வளவு நெருங்கிப் பின்னிய வாழ்வுதான் பிற்காலத்தில் பிய்த்தெறியப்பட்டது. 1983 ஜூலையில் இந்நகரின் தமிழர் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரி 25 அன்று விடுதலைப் புலிகளின் குண்டு லொறி மாளிகை வாயிலைச் சிதைத்து உயிர்களைக் குடித்தது. இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்லாத ஆசிரியன் பாதி வரலாற்றையே கற்பிக்கிறான்.

வாவிக்கு மேலே ஹந்தானை மலை. 1925 இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அங்கே இன்று நூதனசாலையாக விளங்குகிறது. பழைய இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்த வெள்ளவத்தை மாணவி ஒருத்தி, “இதற்குக் கொழுந்து கொண்டுவந்தவர்கள் எங்கே இருந்தார்கள், சேர்?” என்று வினவினாள். நாம் வாய் திறக்குமுன்பே கொட்டாஞ்சேனைச் சிறுவன் ஒருவன் தாழ்ந்த குரலில், “லயத்தில். எங்கள் பாட்டி அங்கேதான் பிறந்தார்” என்றான். ஈராண்டுகள் ஒரே வகுப்பிலிருந்தும் அவன் அதனை யாரிடமும் சொன்னதில்லையாம்.

அந்த மறைப்புக்குக் காரணம் அவனல்லன். ‘தோட்டக்காட்டான்’ என்று இகழும் நாக்கு நம்மவர் வாயிலும் உண்டல்லவா? அச்சிறுவனின் முன்னோரைப் போன்றோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தனர். வாந்திபேதியிலும் பட்டினியிலும் வழியிலேயே மடிந்தோர் பலர். முதலில் கோப்பிக்காக வந்தார்கள். 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தபின், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தொடக்கிய தேயிலை மலையெங்கும் பரவியது. அதே 1867 இற்றான் புகையிரதமும் கண்டியை எட்டியது. மலையைப் பச்சையாக்கியவர்களை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. எஞ்சியோருக்கு முழுமையாக வழி திறந்தது 2003 இலேதான்.

வாவியை வெட்டியவன் சிங்களக் குடியானவன். மலையைத் திருத்தியவன் தமிழ்க் கூலி. மொழியால் இருவர், ஏடுகளில் பெயரில்லாமற் போனதில் ஒருவரே. பெரஹராவின் ஒளியில் இவ்விருவரையும் ஒருங்கே காணும் கண்ணை மாணவருக்கு அளிப்பதைவிடப் பெரிய பாடம் எமக்குத் தெரியவில்லை.

கம்பளைப் பக்கத்தில், பழைய பீக்கொக் தோட்டத்தில், தொழிலாளர் வாழ்ந்த லயமொன்றே அவர்களின் நூதனசாலையாக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பயணத்தின் நிரலில் அதனையும் சேர்த்துள்ளோம். தலதா மாளிகைக்கு ஒதுக்கிய நேரமே அதற்கும். அங்கே வழிகாட்டியாக முன்னே நடக்கவேண்டியவன் யார் என்பதைப் பிள்ளைகளே தீர்மானித்துவிட்டனர்.