பனிமலைக்குப் பாட்டியும் வரலாம்!

‘ஸ்விட்சர்லாந்துக்குப் போய் வந்தோம்’ என்று சொன்னதும், "அங்கெல்லாம் சினிமாக்காரர்களும் புதுசாய்க் கல்யாணமானவர்களும்தானே போவார்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதோடு, "அறுபத்தேழு வயசு மாமியாரையுமா கூட்டிப் போனீர்கள்!" என்று ஓர் ஆச்சரியம் வேறு.

உண்மையைச் சொன்னால், இந்தப் பயணமே என் மாமியாருக்காகத்தான். கைலாயம் போக வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. முட்டி வலியும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்துகொள்ள, "இனிமே நடக்கிற காரியமா அது? பனிமலையை ஒரு தடவை கண்ணால பார்த்தாப் போதும்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நடக்காமல், ரயிலில் உட்கார்ந்தபடியே பனிமலை உச்சிக்குப் போகிற ஊர் எது என்று என்னவர் தேடினார். கிடைத்த பதில் ஸ்விட்சர்லாந்து! ஐந்து வருஷம் கட்டிய சீட்டுப் பணத்தோடு 2024 மே மாதக் கடைசியில் கிளம்பினோம். நான், என்னவர், பத்து வயது மகள், மாமியார் என்று நான்கு பேர்.

ஏரிக்கரை ஊர்

ஜூரிக்கில் விமானத்தை விட்டு இறங்கி, ரயிலில் ஒரு மணி நேரம் போனால் லூசர்ன். ஏரி, அதன் நடுவே அன்னங்கள், சுற்றிலும் மலைகள் என்று காலண்டர் படம் மாதிரியே இருக்கிறது ஊர். ஆற்றின் குறுக்கே கூரை போட்ட மரப்பாலம் ஒன்று உண்டு. பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. 1993-ல் தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனதாம். உள்ளே இருந்த பழைய ஓவியங்களில் பலவும் அதோடு போயின. ஆனாலும் அடுத்த வருஷமே பாலத்தைப் பழையபடி கட்டித் திறந்துவிட்டார்கள். இருபுறமும் பூந்தொட்டிகள். மாமியார் ஒவ்வொரு தொட்டியாக நின்று நின்று பார்த்தார்.

லூசர்னுக்குப் பக்கத்தில் இருக்கிறது பிலாத்துஸ் மலை. அங்கே ஏறுகிற ரயில்தான் உலகத்திலேயே செங்குத்தான பல்சக்கர ரயில். 1889-ல் ஓட ஆரம்பித்தது. நம் மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில், மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் 1 அடி ஏறும். இதுவோ 2 அடி போனால் கிட்டத்தட்ட 1 அடி ஏறுகிறது! பெட்டியே படிக்கட்டு மாதிரிதான் கட்டியிருக்கிறார்கள். நம் ஊட்டி ரயிலின் பல்சக்கர முறையைக் கண்டுபிடித்த ரோமன் ஆப்ட் என்பவரும் ஸ்விட்சர்லாந்துக்காரர்தான். இதைச் சொன்னதும் மாமியார், "அப்ப நம்ம ஊட்டி ரயிலுக்கு இது தாய் வீடுன்னு சொல்லு!" என்றாரே பார்க்கலாம்.

அதிக உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ரிகி மலை நல்லது. உயரம் 1,800 மீட்டருக்குள்தான். ஐரோப்பாவின் முதல் மலை ரயில் 1871-ல் ஓடியது இங்கேதான்.

அருவிகளின் பள்ளத்தாக்கு

லூசர்னிலிருந்து இன்டர்லாகன் இரண்டு மணி நேரம். இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் ஊர். அங்கே சமையலறையோடு கூடிய சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் லவுட்டர்புரூனன் என்றொரு பள்ளத்தாக்கு. எங்கே திரும்பினாலும் பாறைச்சுவரிலிருந்து அருவி! ஸ்டவ்பாக் என்ற அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து, தரைக்கு வருவதற்குள் பாதி புகையாகிவிடுகிறது.

ட்ரும்மல்பாக் அருவி இன்னும் விசேஷம். அது மலையின் வயிற்றுக்குள்ளேயே விழுகிறது! மலைக்குள் லிஃப்டில் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். மேலே உள்ள பனியாறுகள் உருகி, விநாடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர் இதன் வழியே இறங்குமாம். சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. படிகள் எல்லாம் ஈரம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உள்ளே விடுவதில்லை. இளம் தாய்மார்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

அந்த உச்சி!

நாங்கள் காத்திருந்த நாள் வந்தது. யுங்ஃப்ராவ்யோக். உயரம் 3,454 மீட்டர். ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம். 1896-ல் தொடங்கி, மலைகளைக் குடைந்து, 16 வருஷம் பாடுபட்டு 1912-ல் முடித்திருக்கிறார்கள். இதைத் திட்டமிட்ட கூயர்-செல்லர் 1899-லேயே காலமாகிவிட்டார். தாம் கண்ட கனவை அவர் பார்க்கவே இல்லை.

கிரிண்டெல்வால்டிலிருந்து, 2020-ல் வந்த கேபிள் கார் 15 நிமிஷத்தில் பாதி மலைக்குக் கொண்டு விடுகிறது. அங்கிருந்து சுரங்கத்துக்குள் ரயில். எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே தண்ணீர்கூட 100 டிகிரி வரை போகாமல் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊரிலேயே டாக்டரிடம் காட்டி, ஈ.சி.ஜி. எடுத்து, சம்மதம் வாங்கித்தான் வந்திருந்தோம். "மெதுவாக நடக்கட்டும். அடிக்கடி தண்ணீர் குடிக்கட்டும். தலைசுற்றலோ மூச்சுத் திணறலோ நிற்காமல் இருந்தால், யோசிக்காமல் அடுத்த ரயிலில் கீழே இறக்கிவிடுங்கள்" என்று அவர் சொல்லியிருந்தார்.

மேலே இறங்கி ஐம்பது அடி நடந்திருப்போம். "கொஞ்சம் உட்காரணும் போல இருக்கும்மா" என்றார் மாமியார். முகம் வெளுத்திருந்தது. பெஞ்சில் உட்கார வைத்தேன். ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீர் கொடுத்தேன். என்னவர் கடிகாரத்தைப் பார்த்தபடி, "அடுத்த வண்டி அரை மணியில் இருக்கு. இறங்கிடலாமா அம்மா?" என்றார். மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றாள். அந்தக் கால் மணி நேரம் எனக்கு ஒரு யுகம்!

மெல்ல முகத்தில் ரத்தம் ஓடியது. "இப்ப சரியாயிடுச்சு. இவ்வளவு தூரம் வந்துட்டு சுவரைப் பார்த்துட்டா போறது?" என்று எழுந்தார். லிஃப்டில் ஏறி, பார்வை மேடைக்குப் போனோம்.

அப்பப்பா! கண் கூசும் வெண்மை. கீழே, சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அலெட்ச் பனியாறு. ஆல்ப்ஸ் மலைகளில் இதுதான் பெரியது. 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இந்தப் பகுதி சேர்ந்தது. மாமியார் கைப்பிடிக் கம்பியில் இருந்த பனியைத் தொட்டு, நெற்றியில் விபூதி மாதிரி வைத்துக்கொண்டார். கண்ணில் நீர். நான் ஒன்றும் பேசவில்லை.

சற்றுப் பொறுத்து, "ஆறுன்னு சொல்றீங்களே, அசையக் காணோமே?" என்றார். அது நகர்கிறது, வேகமாகப் போகும் இடங்களில் வருஷத்துக்கு நூறு மீட்டருக்கும் மேல் என்று என்னவர் விளக்கினார். கூடவே இன்னொன்றும் சொன்னார். 2022, 2023 ஆகிய இரண்டே வருஷங்களில் இந்த நாட்டின் பனியாறுகள் மொத்தமாகப் பத்தில் ஒரு பங்கு உருகிப் போய்விட்டனவாம். ரோன் நதி பிறக்கும் பனியாற்றில், உருகாமல் இருக்கட்டும் என்று கோடையில் வெள்ளைத் துணியைப் போர்வை மாதிரி போர்த்தி வந்திருக்கிறார்கள். "நம்ம குட்டி அவ பேத்தியைக் கூட்டிட்டு வர்றப்ப இது இருக்குமா?" என்று மாமியார் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த வருஷம், 2025 மே 28 அன்று, அதே நாட்டில் பிளாட்டன் என்ற கிராமத்தின் மேல் பனியாறு ஒன்று சரிந்து, கிராமமே மண்ணுக்குள் போனது. ஜனங்கள் சுமார் 300 பேரை முன்னதாகவே வெளியேற்றியிருந்ததால் பெரிய உயிர்ச்சேதம் இல்லை. டி.வி.யில் பார்த்தபோது, மாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

தலைநகரில் ஒரு கோயில்

கடைசியாக பெர்ன். பாராளுமன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் தரையிலிருந்து 26 நீரூற்றுகள் பீச்சியடிக்கின்றன. 26 மாநிலங்களுக்கு 26! குழந்தைகள் நனைந்து ஆடுகிறார்கள். என் பெண்ணும்தான். ஒரு விஷயம் சொல்கிறேன், நம்பமாட்டீர்கள். இவ்வளவு முன்னேறிய நாட்டில் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டுரிமை கிடைத்தது 1971-ல்தான்! ஒரு மாநிலத்தில் உள்ளூர் விஷயங்களுக்கு ஓட்டுப் போட 1990 வரை காத்திருந்தார்கள். நம் நாட்டில் முதல் பொதுத்தேர்தலிலேயே பெண்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டார்களே!

அதே ஊரில், 2014-ல் திறந்த ‘மதங்களின் இல்லம்’ என்ற கட்டிடம் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் மசூதி, கிறிஸ்தவ ஆலயம், புத்தர் சந்நிதி, நம் சிவன் கோயில்! ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் நடத்துகிறார்கள். தமிழிலேயே பூஜை. அங்கே பார்த்த ஓர் அம்மா, "எங்கயிருந்து வாறீங்கள்? சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். பத்து நாள் கழித்து ஒரு வாய் சூடான சாம்பார் சாதம்!

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

* ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்டாக ‘ஸ்விஸ் டிராவல் பாஸ்’ கிடைக்கிறது. பெற்றோருடன் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசக் குடும்ப அட்டையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். ரிகி மலைக்கு இந்தப் பாஸே போதும். பிலாத்துஸுக்குப் பாதிக் கட்டணம். யுங்ஃப்ராவுக்குத்தான் சலுகை குறைவு, கையைக் கடிக்கும்.

* பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வற்றல் எடுத்துப் போகலாம். நெய், பால்கோவா போன்ற பால் பொருள்களை நம் நாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. நல்ல தயிர் அங்கேயே கடைகளில் கிடைக்கிறது.

* ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கி வையுங்கள். ரயில் நிலையத்துக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

* தெருவோர நீரூற்றுகளில் பெரும்பாலும் நல்ல குடிதண்ணீர்தான். குடிக்கக் கூடாத இடத்தில் பலகை வைத்திருப்பார்கள். காலிப் பாட்டில் ஒன்று போதும்.

* சுத்த சைவர்கள் கவனிக்க: அங்குள்ள பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்க்கிறார்கள். கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.

* மேலே போகும் நாளில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். கறுப்புக் கண்ணாடி, கம்பளிக் காலுறை, வழக்கமான மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், கைக்குழந்தை உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உயரத்துக்குப் போகாதீர்கள்.

* காலையில் எழுந்ததும் உச்சியில் மேகமா, வெயிலா என்று பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். மேகம் மூடியிருந்தால் அவ்வளவு பணமும் புகைதான்!

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ‘அடுத்த வருஷம், அடுத்த வருஷம்’ என்று தள்ளிப்போடாதீர்கள். முட்டியும் காத்திருப்பதில்லை, பனியும் காத்திருப்பதில்லை.