குளிர் தாங்கும் மீன்

வானொலியில் நாள் முழுக்கப் பேசும் எனக்கு, வீட்டு மீன்தொட்டிதான் ஓய்வு. ஆனால் பிரிஞ்சாங் குளிர் எல்லா மீனுக்கும் ஒத்துவராது. சண்டை மீனுக்குச் சுமார் 25 டிகிரி வெப்பம் வேண்டும். விடியற்காலையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் 18க்கு இறங்கிவிடும். மீன் அடியில் ஒடுங்கும், தீனியைத் தொடாது.

தம்பி மகள் ஈப்போவில் ஆசையாக வாங்கிய சண்டை மீனுக்காக ஹீட்டர் இரவும் பகலும் ஓடுகிறது. போன மழையில் கரண்ட் நின்ற இரவு, "அத்தை, மீன் செத்துருமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தொட்டியைப் போர்வையால் சுற்றிவைத்தோம். பிழைத்தது.

பக்கத்துத் தொட்டியில் வெண்மேக மலை மீன்கள். சீனாவின் குவாங்சோ அருகே மலையோடைகளைச் சேர்ந்தவை. 1932இல் அறிவியல் பெயர் பெற்றவை. பிறந்த ஓடைகளில் அருகிவிட்டன. இங்கே ஹீட்டர் இல்லாமலே துள்ளுகின்றன.

மலைவாசிகளே, மீன் வாங்குமுன் விலையோடு, குளிர் தாங்குமா என்றும் கேளுங்கள்.