எந்தத் தோட்டத்துப் பிள்ளை?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தெல்தெனியாவைக் கடந்து மலையேறினால் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் வரும். பஸ் நிற்கும் ஒரு சந்தி, நாலைந்து கடைகள், மேலே முகில் படிந்த நக்கிள்ஸ் மலைத்தொடர், சரிவெங்கும் தேயிலை. அச்சந்தியில் வாடகைக்கு நிற்கும் ஓட்டோக்களில் ஒன்றின் பின்புறத்திலே சடைமுடி தரித்த ஒரு கறுப்பு மனிதரின் படம் ஒட்டப்பட்டிருக்கிறது. அதனைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், பச்சை எனும் மூன்று வர்ணங்கள். சென்ற மாதம் நம்மோடு பஸ்சுக்குக் காத்து நின்ற மாணவன் ஒருவன் அதனைச் சுட்டிக்காட்டி, "சேர், இவர் பாட்டுக்காரர்தானே? என்ன பாடினார்?" என்று கேட்டான்.

கேள்வி சிறியது. ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த மனிதரின் பாட்டோடு நம் வாழ்வின் ஒரு பகுதியும் பிணைந்து கிடக்கிறது. அதிலே நாம் வெட்கப்பட வேண்டிய ஒரு செயலும் உண்டு.

நமது தமையனார் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையிலே வேலை செய்தார். தீபாவளிக்கு வீடு வரும்போது ஓர் ஒலிப்பதிவுப் பெட்டியும் சில கசெட்டுகளும் கொண்டுவந்தார். சினிமாப் பாடல்களுக்கிடையே கிடந்த ஒன்றில் மட்டும் ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. அது, 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பொப் மார்லியும் அவர்தம் குழுவினரும் நிகழ்த்திய கச்சேரியின் பதிவு என்பது பின்னரே நமக்குத் தெரியவந்தது. அன்று நமக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கியது ஒன்றுதான்: ஒரு பாட்டிலே, பாடகர் வாய் திறக்குமுன்பே கூடியிருந்த மக்கள் பாடத் தொடங்கிவிடுகின்றனர். பாட்டு மேடைக்குரியதா, மக்களுக்குரியதா என்று பிரித்தறிய முடியாத அந்தக் குரல், லயத்துக் காம்பராவின் தகரக் கூரையை நிறைத்தது.

வாசலில் அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த நம் தந்தையார் சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். அவர் கொழுந்து மடுவத்தில் நிறை சுமந்தவர். எழுத்து வாசனை குறைந்தவர். ஆனால் அத்தோட்டத்தின் தப்புக் கலைஞர். "முதல் அடியை முழுங்கிட்டு அடிக்கிறான். கெட்டிக்காரன்" என்றார். பின், "இந்த ஆளு எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று கேட்டார். நாமும் தமையனாரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஆண்டுகள் பல கழிந்தபின் பேராதனையில் பட்டப்படிப்புப் படிக்கையில், இசையறிந்த நண்பர் ஒருவர் றெகே இசையின் இலக்கணத்தை விரித்துரைத்தார். நான்கு அடி கொண்ட தாளத்தில் முதலடி வெறுமையாக விடப்படுகிறது; மூன்றாம் அடியிலேதான் பறையின் முழுப்பலமும் விழுகிறது. கார்ல்டன் பரெட் என்னும் கலைஞர் இம்முறையிலே தலைசிறந்து விளங்கினார். கிட்டார் இடையடிகளிலே வெட்டி வெட்டி ஒலிக்க, அடித்தளத் தந்தி பாட்டைத் தாங்கி நிற்கும். நண்பர் ஒரு மணி நேரம் விளக்கிய இந்த நுட்பத்தைத்தான் நம் தந்தையார் வெற்றிலை மென்றவாறே ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தார்! அன்று நமது சிரிப்பு நம்மையே சுட்டது.

விடுதி அறையில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடி, ஒரு சிறிய கணினித் திரையிலே பழைய இசைவிழாக்களைப் பார்ப்போம். நாம் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன விழாக்கள் அவை. எனினும் நாமே அங்கு நின்றதுபோல் நெஞ்சில் பதிந்துவிட்டன. 1976 டிசம்பரில் கிங்ஸ்டன் நகரிலே தம் இல்லத்தில் துப்பாக்கியால் சுடப்பட்ட மார்லி, இரண்டு நாட்களுக்குள் காயத்தோடு மேடையேறினார். 1978 ஏப்பிரல் 22இல் அதே நகரின் தேசிய விளையாட்டரங்கில் சமாதானத்திற்கான இசைவிழா நடந்தது. இரு பெருங் கட்சிகளின் ஆதரவாளர்கள் ஏழைக் குடியிருப்புகளில் ஒருவரையொருவர் கொன்று கொண்டிருந்த காலம் அது. பிரதமர் மைக்கேல் மான்லியையும் எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகாவையும் மேடைக்கு அழைத்து, இருவர் கைகளையும் தம் தலைக்கு மேலே இணைத்துப் பிடித்தார் மார்லி. அதே மேடையில் பீற்றர் டொஷ், பாட்டை நிறுத்திவிட்டு, எளியவரை நசுக்கும் அமைப்பையும் பொலிஸ் கொடுமையையும் ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே கண்டித்தார். சமாதானம் வேண்டுமென்று கைகோத்தவரும், நீதியின்றிச் சமாதானமா என்று வினவியவரும் ஒரே மேடையில் நின்றனர். எங்களுள் யார் பக்கம் நியாயம் என்ற வாதம் விடியும்வரை நடக்கும்.

அக்கைகோப்பு வன்முறையை நிறுத்தியதா? இல்லை. 1980ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி ஏறத்தாழ 800 பேர் அங்கு கொல்லப்பட்டனர். பாட்டு ஒன்று மாத்திரம் உலகை மாற்றிவிடாது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 1980 ஏப்பிரலில் சிம்பாப்வே விடுதலை பெற்ற இரவில், ருபாரோ அரங்கிலே பாடுவதற்கு அழைக்கப்பட்டவர் ஜமைக்காவின் இக்கலைஞரே. அரங்கினுள் இடமின்றி வெளியே நின்ற மக்கள் மீது கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. அப்புகை மேடையையும் சூழ்ந்தது. அடுத்த நாள், உள்ளே வர இயலாத அம்மக்களுக்காக அவர் மீண்டும் பாடினார். மறு ஆண்டு மே 11இல் புற்றுநோயால் மாண்டார்; வயது முப்பத்தாறு.

இவற்றையெல்லாம் பார்த்து நாம் கண்கலங்கியதுண்டு. அடிமைகள் பறை கொட்டலாகாது என்று ஜமைக்காவின் தோட்ட முதலாளிகள் சட்டம் செய்ததைப் படித்துப் பற்களைக் கடித்ததுண்டு. இத்தனையும் செய்த நாம், ஒரு நாள் நண்பர் ஒருவர், "உங்கள் தோட்டத்தில் தப்பு அடிப்பவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டபோது என்ன சொன்னோம்? "இருக்கிறார்கள், யாரோ சிலர்" என்றோம். அந்த 'யாரோ', மாதந்தோறும் தம் சம்பளத்தில் ஒரு பங்கை நமது படிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்த நம் தந்தையார். தப்பு என்றால் சாதி, சாதி என்றால் கேள்வி, கேள்விக்கு அஞ்சினோம். தூரத்துப் பறையைத் தொழுதோம். வீட்டுப் பறையை மறைத்தோம்.

நம் தந்தையாரின் பெருநாள் காமன் கூத்து. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையிலே காமன் பொட்டலில் மரம் ஊன்றுவார்கள். அன்று தொடங்கிப் பல இரவுகள் தப்பு ஓயாது. ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம்; சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல்; போகாதே என்று ரதி தடுத்தல்; தூதன் ஓடிவருதல்; வீரபத்திரன் ஆடிவருதல்; இறுதி நாள் விடியலில் நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிதல்; ரதி புலம்பல். ரதியாக வேடமிட்டவர் ஓர் ஆண் தொழிலாளி. அவர் அழுகையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருந்த கிழவிகள் எல்லாம் அழுவார்கள். புராணத்து மன்மதனுக்காகவா அழுதார்கள்? அட்டைக்கடியிலும் குளிரிலும் மாண்டவர்களுக்காகவும், கடல் கடந்து பிரிந்தவர்களுக்காகவுமே அழுதார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

நாம் சிறு வயதில் பார்த்த கூத்தே பாதிதான் என்பார் தந்தையார். 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரைக் கணக்கிட்டு, அவர்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சியோரைப் பத்தாண்டு கழித்துப் பாதிப் பாதியாகப் பிரித்தனர். சனங்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று மக்களே பெயரிட்டனர். அந்தக் கோச்சியில் எங்கள் தோட்டத்துச் சிவனும் எமனும் போய்விட்டனர். ரதிக்குப் பாட்டெடுத்துக் கொடுத்த வாத்தியாரும் போனார். ஏட்டில் எழுதாத பாட்டு அவரோடு போயிற்று.

தப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டுவதும் அதே தப்புத்தான். துரைக்காகத் தொழிலாளியை எழுப்பிய தோலே, இரவில் தொழிலாளிக்காக அதிர்ந்தது. ஒரே கருவிக்கு இரு எசமானர்கள்.

இதையெல்லாம் நாம் எண்ணிப் பார்க்கத் தூண்டியது ஒரு வரலாற்றுச் செய்தி. 1833ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டு, 1838 ஆகஸ்டில் ஜமைக்காவின் அடிமைகள் முழு விடுதலை பெற்றனர். கசையடியின்றிக் கோப்பி பயிரிட அங்கிருந்த முதலாளிகளுக்கு இயலவில்லை. ஜமைக்காவின் கோப்பி வீழ்ந்தது. அதே காலத்தில், 1837இல், ஜமைக்காவிலே கோப்பிச் செய்கை பயின்ற ஆர். பி. டைட்லர் என்னும் துரை இலங்கைக்கு வந்து, மேற்கிந்தியத் தீவுகளின் பயிர்முறையைத் தும்பறைப் பள்ளத்தாக்கிலே புகுத்தினார். தும்பறை என்றால் வேறெங்கோ அல்ல. நாம் நிற்கும் இம்மலையடிவாரந்தான்! அங்கே அடிமை விடுபட்டான். இங்கே தென்னிந்தியாவிலிருந்து கூலியாக நம் பாட்டன் பூட்டன் வந்தான். 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்காவுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். ஆகவே, "எந்தத் தோட்டத்துப் பிள்ளை?" என்று நம் தந்தையார் கேட்டது பேதைமையன்று. மார்லி மலைக்கிராமம் ஒன்றிலே பிறந்து நகரத்துச் சேரியிலே வளர்ந்தவர். அவருடைய முன்னோரும் தோட்டத்தினரே. ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களில் எழுதப்பட்ட பெயர்கள் நாம்.

றெகே இசையை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நமது நக்கிள்ஸ் மலையும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் மலை உலகத்தின் சொத்தான பின்னரும், அதன் அடிவாரத்து லயங்களில் வாழ்வோர் பலருக்குத் தாம் குடியிருக்கும் காணிக்கு உறுதி கிடையாது. பாடகரின் படம் வண்டிக்கு அலங்காரமாயிற்று. பாட்டின் பொருள் சந்தியிலே அநாதையாக நிற்கிறது.

மாணவனின் கேள்விக்கு மறுநாள் வகுப்பிலே விடையளித்தோம். விடையின் முடிவில், பாடசாலைக் கலைவிழாவில் தப்புப் பழக விரும்புவோர் உண்டா என்று கேட்டோம். நான்கு சிறுவர்களும் இரு சிறுமியரும் கைதூக்கினர். மறுநாள் ஒரு சிறுவனின் தந்தையார் நம்மைத் தேடி வந்தார். "சேர், எங்க அப்பாவைச் சாவு வீட்டுக்கெல்லாம் கட்டாயமாகக் கூப்பிட்டு அடிக்க வச்சாங்க. எம்மகன் அதைத் தொட வேணாம்னுதான் நான் படிக்க அனுப்புறேன்" என்றார். அவர் குரலில் கோபமில்லை. ஒரு தலைமுறையின் வலி இருந்தது. அவரை மறுத்துரைக்க நமக்கு உரிமையில்லை. ஒரு சாதியின் தலைமேல் கடமையாக ஏற்றப்பட்ட பறையைத் தூக்கியெறிவதும் ஒரு விடுதலையே. மரபு, மரபு என்று கூவி அச்சுமையை மீண்டும் அவர்கள் தோளிலேயே ஏற்றுவது முற்போக்காகாது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் விரும்பி எடுத்து அடிக்கும்போதுதான் அது கலையாகும். இதனை அவரிடம் சொன்னோம். அவர் மனம் மாறவில்லை. அவர் மகனைத் தவிர்த்து ஐவர் பழகுகின்றனர்; அவர்கள் வெவ்வேறு சாதியினர். சிறுவன் மட்டும் ஓரமாக நின்று பார்க்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் நமது நெஞ்சு கனக்கிறது.

பழக்குபவர் நம் தந்தையார். முதல் நாள் பாடசாலைச் சமையலறையின் பின்னே காய்ந்த ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். தோல் இறுகி, விரல் தட்டியதும் 'கண்' என்று ஒலித்தது. சக ஆசிரியர்கள் வந்து சூழ்ந்தனர். ஒருவர் நம்மிடம், "இந்தப் பெரியவர் யார்?" என்று கேட்டார்.

"நம் தந்தையார்" என்றோம்.

பேராதனையில் சொல்லியிருக்க வேண்டிய விடை. பன்னிரண்டு ஆண்டுகள் பிந்திச் சொன்னோம். தந்தையார் அதனைக் கேட்டாரா என்று தெரியவில்லை. அவர் பிள்ளைகளுக்கு முதல் அடியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.